கன்னத்தில் ஒரு பொட்டு

எண்ணூர்த் துறைமுகத்தில் செண்பகவல்லி ஓட்டும் அறுபதடி ரோபோவுக்கு, ஒரு சாண் உயரத்தில் அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் பொம்மை உண்டு. அது கோவில்பட்டியில் அவள் கணவன் கோமதிநாயகத்திடம் இருந்தது. பொம்மையில் எதை மாற்றினாலும் விடிவதற்குள் பெரியதும் அப்படியே மாறிவிடும். அதனால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அவன் பொறுப்பு.

ஒருநாள் கை சும்மா இருக்காமல் பொம்மையின் கன்னத்தில் மை வைத்துவிட்டான். மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"என்னங்க இது, லாரி டயர் அளவுக்குத் திருஷ்டிப் பொட்டு! துறைமுகமே சிரிக்குது."

"கண்ணு பட்டுரும்லா. அழிச்சிரவா?"

"ஒண்ணும் வேண்டாம். இங்க வந்து கூட இருங்கன்னா மட்டும், எனக்கு அங்க என்ன வேலைன்னு கேப்பீங்க. பொட்டு வைக்க மட்டும் தெரியுது!"

போனை வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க அவன் மிச்சமிருந்த பிளாஸ்டிக்கை வெட்டி, தேய்த்து, பொம்மையின் நெஞ்சுக்குள் இருந்த டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சீட்டை ஒட்டினான்.

மறுநாள் அவள் புதுச் சீட்டில் உட்கார்ந்துகொண்டே போன் செய்தாள்.

"பெல்ட்டு வைக்க மறந்துட்டீங்க," என்றாள். "அதையும் ஒட்டிட்டுக் கிளம்புங்க."