புதுக் குடித்தனம்

நெவாடா வெயில் மண்டையைப் பிளந்தது. சக்கரத்தில் இழுத்து வந்து நிறுத்திய வீடுகள் கொண்ட முதியோர் காலனியில் வீடு வீடாக ஏறி இறங்கிய வெர்லா, கடைசி வீட்டின் கதவைத் தட்டினாள். புதிதாகக் குடிவந்த டெல்பர்ட் திறந்தார்.

"தரை வாடகையை மறுபடி ஏத்தறாங்க. சாயங்காலம் சங்கக் கூட்டத்துக்கு வந்துடுங்க."

"ஆளை விடுங்கம்மா. கட்டுப்படி ஆகலைன்னா வீட்டை இழுத்துக்கிட்டுப் போயிடுவேன். சக்கரம் வெச்சு வந்த வீடுதானே?"

"பழைய வீடு, இழுத்தா நடுரோட்டுல உடைஞ்சிடும். வீடு உங்களது, மண்ணு கம்பெனியோடது. வாடகை கட்டலைன்னா வீடும் அவனுக்குத்தான்."

டெல்பர்ட் சிரித்தார். "முன்னாடி இருந்தவ அப்படித்தான் விட்டுட்டு ஓடினாளாம். கம்பெனிக்காரன் எனக்குப் பாதி விலைக்குத் தந்தான். எவ்வளவு கொழுப்பு இருந்தா சொந்த வீட்டைப் போட்டுட்டுப் போவா!"

உள்ளே அவர் மனைவி ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"கீழ்ப்பக்கம் ரெண்டு தட்டுத் தட்டச் சொல்லுங்க," என்றாள் வெர்லா. "திறந்துக்கும்."

மனைவி தட்டினாள். ஜன்னல் திறந்துகொண்டது.

டெல்பர்ட்டின் சிரிப்பு நின்றது. "இங்க... உங்க வீடு எது?"

வேலிக்கு வெளியே நின்ற காரை வெர்லா காட்டினாள். பின்சீட்டில் தலையணையும் போர்வையும் இருந்தன.

"இப்ப அதுதான். போன மாசம் வரைக்கும் இது."