மாப்பிள்ளை வரவில்லை

தங்கையை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். கையெழுத்துப் போட்ட கையோடு கிளம்பிப் போன மாப்பிள்ளையை ஆளையே காணோம். அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாசக்கணக்கில் அவள் வயிறு உப்பிக்கொண்டே போயிருந்தது. வாயு என்றார்கள், ஈரல் என்றார்கள். நீரை எடுக்க எடுக்க மறுபடி ஊறியது. கடைசியில் இந்த டாக்டரம்மாதான் வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்து, துணுக்குச் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். மீசோதீலியோமா. வயிற்றின் உள்சவ்வில் வரும் அபூர்வமான புற்றுநோய்; ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரக்கூடியது என்றார்.

"வீட்ல யாருக்காவது ஆஸ்பெஸ்டாஸ் வேலையா?"

மாப்பிள்ளைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை செய்யும் ஆலையில் வேலை. தூசி அப்பிய அவர் சட்டைகளை உதறித் துவைத்தவள் இவள். அதைக் கேட்டதும் முகம் செத்துப் போனவர், அதன்பிறகு ஆஸ்பத்திரியில் நிலையாக உட்காரவே இல்லை. வருவார், எட்டிப் பார்ப்பார், போய்விடுவார்.

நோய்பட்ட சவ்வை உரித்தெடுத்து, சூடான மருந்தால் வயிற்றுக்குள் கழுவ வேண்டும். பொழுது சாய்ந்த பிறகுதான் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"கண்ணுக்குத் தெரிஞ்சதை ஒண்ணு விடாம எடுத்துட்டோம். நல்லா தாக்குப்பிடிச்சாங்க உங்க தங்கச்சி."

லாரி ஓட்டி உரமேறிய அண்ணன், சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

அடுத்தடுத்த மாதங்களில் தங்கை தேறினாள். இன்று மறுபரிசோதனைக்குத் தானே நடந்து வந்தாள். ஸ்கேன் சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். துள்ளாத குறையாக வெளியே வந்த அண்ணன், வராந்தாவில் ஒரு கூட்டம் பெண்களோடு நின்று பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது.

"அவ உயிருக்குப் போராடினப்ப எங்க போனீங்க மாப்பிள்ளை?"

அவர் தலை குனிந்தார். பதில் சொன்னது பக்கத்திலிருந்த பெண்.

"என் வீட்டுக்குத்தாங்க. நாங்கல்லாம் அந்த ஆலைக்காரங்க சம்சாரம். வயிறு உப்புசம்னு யார் சொன்னாலும் வீடு தேடி வந்து, டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்துடுவாரு. எனக்கு ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சு, ஆபரேஷனும் முடிஞ்சிடுச்சு."

"அதுக்காக, அன்னிக்குமா..." என்று அண்ணன் இழுத்தார்.

தங்கை அவர் கையைப் பிடித்தாள்.

"நான்தான் அனுப்பினேண்ணா. எனக்கு டாக்டரம்மா இருக்காங்க, அவங்களுக்கு யாரு இருக்கான்னு."