மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு வீடு

திட்ட அலுவலகத்தின் பெரிய மேசையை, பின்தங்கிய வட்டாரத்துக்கான ஒருங்கிணைந்த சமூகப் பொருளாதார வளர்ச்சித் திட்டத்தின் வரைபடம் முழுசாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு தேநீர்க் குவளை வைக்கக்கூட இடமில்லை. ஜன்னல் வெயில் அதிலுள்ள மஞ்சள் கட்டம் ஒன்றின்மேல் விழுகிறது. பன்னிரண்டு வருடங்களாக, காகிதத்தில், அது பேருந்து நிலையம். அதற்கு முன்பிருந்தே அது தையல்காரம்மாவின் வீடு. கூரைத் தகரம் சல்லடையாகிவிட்டது, மருமகளுக்கு அடுத்த மாதம் பிரசவம், திட்டத்துக்குள் அகப்பட்ட வீட்டில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். “கூரையை மட்டும் மாத்திக்கறேன் சார்,” என்கிறார் மேசை முன் நிற்கும் தையல்காரம்மா. “தனியா எதுவும் முடியாதும்மா,” என்கிறார் திட்ட அதிகாரி, பேனா மூடியால் காதைக் குடைந்தபடி. “இது ஒருங்கிணைந்த திட்டம். சாக்கடை வந்தாத்தான் ரோடு. ரோடு வந்தாத்தான் பஸ் ஸ்டாண்டு. அப்பத்தான் உங்களுக்கு மாத்து வீடு.” “சாக்கடை எப்ப சார் வரும்?” “பஸ் வந்து, ஜனம் பெருகினா.” மின்விசிறி வரைபடத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது. மூலை மேசை எழுத்தருக்கு மனசு இளகுகிறது. “அக்கா, பயணிகள் நிழற்குடைன்னு எழுதிக் குடுங்க. கூரை போட்டுக்கலாம்.” “அப்ப நாங்க?” “பயணிங்க. பஸ்ஸுக்குக் காத்திருக்கீங்க. யாரு கேக்கப் போறா?” அதிகாரி, திட்டம் தொடங்கியே விட்டதுபோல் நிமிர்ந்து உட்காருகிறார். தையல்காரம்மா சிரிக்கவில்லை. படிவத்தை வாங்கி, வரைபடத்தின் மேலேயே வைத்து எழுதுகிறார். காத்திருக்கும் பயணிகள் எத்தனை பேர் என்ற இடத்தில் பேனா நிற்கிறது. தான், மகன், மருமகள். மூன்று என்று எழுதி, அதை அடித்துவிட்டு, நான்கு என்று எழுதுகிறார்.