மாப்பிள்ளையின் தட்டு

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் வீட்டுக் கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றுகொண்டே, "பொண்ணு ரொம்பக் குண்டு, வேண்டாம்" என்று கூடமே கேட்கச் சொன்னவன் தீனதயாளன். இன்று அவன் கல்யாணப் பந்தியில் பரிமாறும் பொறுப்பு என்னுடையது.

தொட்டவர் உடம்பைச் சோதித்து, எதைச் சாப்பிடலாம் என்று சொல்லும் பேசும் தட்டு இல்லாமல் இப்போதெல்லாம் எந்த மண்டபத்திலும் சாப்பாடு கிடையாது. அவன் விரல் பட்டதும் தட்டு ஆரம்பித்தது.

"ரத்தத்தில் சர்க்கரை அதிகம். ஈரலில் கொழுப்பு. சோறு, நெய், ஜாங்கிரி கூடாது. அவித்த பயறும் கீரையும் மட்டும்."

பந்தியே திரும்பியது. மாமனார் முகம் செத்துப்போயிற்று.

"மேடம், சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று கெஞ்சினான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"அன்னைக்கு எங்க வீட்டுல நீங்க குறைச்சீங்களா?"

தட்டை முதலிலிருந்து மறுபடியும் சொல்ல வைத்தேன்.