ஆறரை மில்லிமீட்டர்

“எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடுங்க சார். அப்புறம் ஆளுக்கு ஒண்ணு பேச வேண்டாம்,” என்றார் மனைவியின் அண்ணன்.

இருந்தவர்கள் இவ்வளவுதான்: மேசையருகே நெட்டையாகக் கணவன். சுவரோடு சுவராக மனைவி. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன். மாடல் கார் போட்டிகளுக்கு முப்பது வருடமாக நடுவராக இருக்கும் ‘ஸ்கேல்’. அப்புறம், மேசைமேல் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில், முதுகில் பையோடு ஒரு சிறுமி.

சிறுமி நின்றது அட்டையில் செய்த தெருமுனையில். அவளை நோக்கித் திரும்பும் நிலையில் ஒரு சாம்பல் நிறக் கார். நிஜத்தில் இருபத்துநாலில் ஒரு பங்கு.

ஸ்கேலுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. பையில் எப்போதும் அளவுக்கருவி, வாயில் எப்போதும் உள்ளது உள்ளபடி. சொந்த மருமகன் செய்த காரையே அளவு தப்பென்று போட்டியிலிருந்து தள்ளிவிட்டவர். அன்றிலிருந்து மகள் வீட்டில் அவருக்குத் தண்ணீர்கூடக் கிடைப்பதில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டதும் இல்லை.

உள்ளே வரும்போதே வாசலில் கணவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“சார், கேஸ் முடிஞ்சுடுச்சு. கண்ணாடியோரத் தூண் பாப்பாவை மறைச்சிருக்கலாம்னு கோர்ட்டே விட்டுடுச்சு. ஆனா இந்த வீட்ல எட்டு மாசமா தூக்கமில்ல. மறைச்சிருக்கலாம் இல்ல சார், கண்டிப்பா மறைச்சதுன்னு தெரியணும். அப்பதான் உயிரோட இருக்க முடியும். அளவெல்லாம் சரின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்க பேச்சுக்கு அப்பீல் கிடையாதுன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்.”

“சரியா இருந்தா சொல்றேன்,” என்றார் ஸ்கேல்.

இப்போது குனிந்து பார்த்தார். தலைமுடி கனத்தில் வைப்பர். ஓரம் தேய்ந்த டயர். பின்சீட்டில் யாரோ மறந்துபோன குடை, தீக்குச்சி நீளத்தில். இப்படி ஒரு கைவேலையை அவர் பார்த்து வருடக்கணக்காகிறது.

“ஊர்ல எல்லாரும் பொம்மைக் காரை வித்து நிஜக் கார் வாங்குவாங்க. எங்க மாப்ள நிஜக் காரை வித்துட்டு பொம்மைக் கார் கட்டுறாரு,” என்றார் அண்ணன். “இங்க பாருங்க மாப்ள, இன்னைக்கும் சரியா வரலைன்னா என் தங்கச்சியை நான் கூட்டிட்டுப் போயிடுவேன். இந்த வீட்ல விட்டு வைக்க மாட்டேன்.”

“சும்மா இரு அண்ணா,” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

அவள் மேசைப் பக்கமே திரும்பாததை ஸ்கேல் கவனித்தார். ஒரு குழந்தையைக் கொன்றவனோடு குடித்தனம் நடத்துவது லேசா என்று நினைத்துக்கொண்டார்.

“சீட் ஏன் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கு?”

“அன்னைக்கு அப்படித்தான் சார் இருந்துச்சு.” கணவன் காரின் பின்கண்ணாடியைக் கழற்றினான். “இப்படிப் பாருங்க. ஓட்டுற ஆளோட கண்ணு இங்க. பாப்பா அங்க. தெரியுதா?”

ஸ்கேல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே சாய்ந்து நின்ற தூணுக்குப் பின்னால் சிறுமி முழுதாக மறைந்திருந்தாள்.

“தெரியல.”

கணவனின் தோள்கள் தளர்ந்தன. “கேட்டியா? சாரே சொல்லிட்டாரு,” என்று மனைவியைப் பார்த்தான்.

ஸ்கேல் அதோடு நிறுத்தியிருக்கலாம். கை தானாகப் பைக்குள் போய் அளவுக்கருவியை எடுத்தது.

“வேணாம் சார், பெயின்ட் போயிடும்.”

“போகாது.” தூணைப் பிடித்து அளந்தார். “ஆறரை மில்லிமீட்டர்.” புருவம் சுருங்கியது. “ஏன் தம்பி, இந்த வண்டியோட தூண் பத்து சென்டிமீட்டர். இதுல நாலு மில்லிக்குக் கொஞ்சம் மேல வரணும். மிச்சம் என்னது?”

“கைதவறி...”

“கைதவறினா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தவறுமா? மேல பட்டி பூசித் தேய்ச்சிருக்கீங்க. நிஜத்துல அஞ்சு சென்டிமீட்டருக்கு மேல கூடிப்போச்சு. அந்த அஞ்சு சென்டிமீட்டர்லதான் பாப்பா ஒளிஞ்சிருக்கு.”

மேசைக்கு அடியில் கணவனின் கால் அவர் காலை மிதித்தது. ஸ்கேல் காலை நகர்த்திக்கொண்டார்.

“அதை எடுத்துட்டா?” என்று கேட்டாள் மனைவி. முதல்முறையாக மேசையருகே வந்திருந்தாள்.

கேட்ட மாத்திரத்தில் பையிலிருந்த சிறு கத்தியை எடுத்துச் சுரண்டினார் ஸ்கேல். தப்பான அளவு என்றால் அவருக்கு உடம்பில் அரிப்பு மாதிரி. பூசிய பட்டி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தடுக்க வந்த கணவனின் கையை அவள் விலக்கிவிட்டுக் குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“பை தெரியுது,” என்றாள். பிறகு, “முகமும் தெரியுது.”

அண்ணன் எழுந்து நின்றார்.

“ரொம்ப நன்றி சார். எட்டு மாசமா இந்த வீட்ல பொய் சொல்லாத ஒரே ஆள் நீங்கதான்.” சிறுமியைப் பதமாகக் கையில் எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

ஸ்கேல் கருவியைத் துடைத்துப் பையில் போட்டார். “மனசைத் திடப்படுத்திக்கோங்க தம்பி. எத்தனை நாளைக்கு உங்களையே ஏமாத்திக்குவீங்க? ஓட்டினது நாமன்னா, பார்க்காம விட்டதும் நாமதான்.”

“நான் அன்னைக்கு வண்டியிலேயே இல்லையே சார், ஓட்டினது அவ!” என்று அவரைத் தள்ளிக்கொண்டு கணவன் ஓடினான். அதற்குள் அறைக்கதவு சாத்தி, உள்ளிருந்து பூட்டியாகிவிட்டது.