எழுந்து நின்றவர்

பந்து வலைக்குள் பாய்ந்த அதே நொடியில் வக்கீலும் பாய்ந்தார்.

இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தி, துள்ளிக் குதித்து, அப்புறம்தான் குனிந்து பார்த்தார். கால்கள் இரண்டும் தரையில் திடமாக ஊன்றியிருந்தன. சக்கர நாற்காலி பின்னால் காலியாக உருண்டுகொண்டிருந்தது.

அந்த வரிசையில் வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.

எழ முடியாதவர்களுக்கான வரிசை அது.

"உட்காருங்க மாமா. உட்கார்ந்து தொலைங்க" என்று பல்லைக் கடித்தான் மச்சினன்.

மனைவியின் தம்பி. இந்த நாட்டில்தான் அவனுக்கு வேலை. யோசனையும் அவனுடையதுதான். நாற்காலியில் வருகிறவருக்குத் தனி வாசல், தனி வரிசை. தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு அவர் பக்கத்திலேயே இருக்கை. இந்த ஊர் மொழி தெரிந்தவன் தள்ள வேண்டும், தெரியாதவர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அதைக்கூட வக்கீலால் உருப்படியாகச் செய்ய முடியவில்லை.

மாட்டினால் மச்சினனின் விசா போச்சு. பெட்டி படுக்கையோடு விமானத்தில் ஏற்றிவிட்டுத்தான் மறுபேச்சு பேசுவார்கள். போன மாதம்தான் பெண்டாட்டியை இங்கே அழைத்து வந்து, சின்னதாக ஒரு வீடு பார்த்துக் குடிவைத்திருக்கிறான்.

வக்கீல் கையைப் பின்னால் விட்டுத் துழாவினார். நாற்காலி அகப்படவில்லை.

அதற்குள் மஞ்சள் கோட்டுப் பெண் படிகளில் தடதடவென்று இறங்கி வந்துவிட்டாள். இந்த வரிசையைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. வாசலில் அவரை வரவேற்று, முழங்காலுக்கு மேல் கம்பளி போர்த்தி, காற்றுக்கு அது பறக்காமல் ஓரங்களைச் செருகிவிட்டவளும் அவள்தான். கம்பளி இப்போது தரையில் கிடந்தது.

கோர்ட்டில் நீதிபதியே போதும் உட்காரய்யா என்று கெஞ்சுகிற வாய் வக்கீலுக்கு. இந்த ஊரில் அந்த வாய்க்கு வேலையில்லை.

அவள் அவர் கால்களைப் பார்த்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். மறுபடி கால்களைப் பார்த்தாள்.

பிறகு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்த வரிசையில் ஒருவர் எழுந்து நின்று அவள் பார்த்ததே இல்லையாம். மச்சினன் அவர் காதில் மொழிபெயர்த்தான். போன உயிர் அவனுக்குத் திரும்பி வந்திருந்தது. வந்த வேகத்தில் அவளிடம் ஒரு கார் விபத்தைக் கிளப்பி, மாமாவை வருடக்கணக்கில் படுக்கையில் போட்டு, பெரிய பெரிய டாக்டர்களையெல்லாம் கைவிரிக்க வைத்துவிட்டான்.

இந்த மாதிரி சாட்சி கூண்டில் ஏறினால் வக்கீல் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். இன்று அந்தச் சாட்சிக்கு ஏற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அவள் தோளைப் பிடித்தபடி, மச்சினன் இழுத்து வந்த நாற்காலியில் மெல்ல மெல்ல உட்கார்ந்தார். அது இடுப்பைக் கடித்தது.

யாரோ கைதட்டினார்கள். அது வரிசை முழுக்கப் பரவி, மேலே இருந்த கூட்டத்துக்கும் தொற்றிக்கொண்டது. கோல் போட்டவனுக்குக்கூட அவ்வளவு விழுந்திருக்காது.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். அவருடைய மகள் வயது இருக்கும். தலை சாயாமல் இருக்க நெற்றியில் பட்டை கட்டியிருந்தது. அவளுடைய இரண்டு கைகளில் ஒன்றுதான் அசைந்தது. அந்த ஒன்றால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டித் தட்டி அவளும் கைதட்டினாள்.

தட்டி முடித்துவிட்டு அவரிடம் ஏதோ கேட்டாள்.

மச்சினன் மொழிபெயர்க்காமல் கீழே கிடந்த கம்பளியை எடுத்து உதறினான். என்னடா என்று வக்கீல் கண்ணாலேயே அதட்டினார்.

"எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேக்கறா மாமா. கால்ல முதல்ல எந்த விரல் அசைஞ்சுதாம்?"

வக்கீல் மைதானத்தைப் பார்த்தார். ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. யார் யாரிடம் பந்தைத் தள்ளுகிறார்கள் என்று ஒன்றும் புரியவில்லை.

கட்டைவிரல் என்று சொல்லச் சொன்னார்.

அவள் புரிந்தது என்று இமையை மூடித் திறந்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்தித் தன் ஷூவின் நுனியைப் பார்க்க ஆரம்பித்தாள். வெகுநேரம் பார்த்தாள். எதிரணி சமன் செய்தபோதுகூட அவள் கண்ணை எடுக்கவில்லை.

பூமி பிளந்து விழுங்காதா என்று இருந்தது வக்கீலுக்கு. அந்த நேரம் பார்த்து எதிரே இருந்த ராட்சதத் திரையில் அவரே வந்தார். சற்று முன் எடுத்த காட்சி. கையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறார், பின்னால் நாற்காலி உருள்கிறது. கூட்டம் ஓவென்று கத்தியது. மஞ்சள் கோட்டுப் பெண் அவருக்காகக் கையாட்டினாள்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

தம்பி.

வக்கீலின் கூடப் பிறந்தவன். எடுக்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்தார். மஞ்சள் கோட்டுக்காரி, எடுங்கள், வீட்டில் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் என்று ஜாடை காட்டினாள். எடுத்தார்.

"அண்ணா, உன்னை டிவியில காட்டினாங்க."

குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"உன் பக்கத்துல எல்லாரும் வீல் சேர்லயே இருக்காங்களேண்ணா. லிஃப்ட் சரியாயிடுச்சா?"

ஸ்டேடியத்தில் லிஃப்ட் ரிப்பேராம், வீல் சேர் எதையும் உள்ளே விடப்போவதில்லையாம் என்று காலையில் விடுதி அறையில் வைத்துச் சொன்னவர் வக்கீல்தான். நம்ம டிக்கெட்டை வேறு இருக்கைக்கு மாற்றித் தருவார்களாம் என்றும் சொல்லியிருந்தார். அப்படின்னா நீங்க ரெண்டு பேராவது பாருங்க என்று, தன் பெயருக்கு வந்த டிக்கெட்டைத் தம்பியே எடுத்து நீட்டினான்.

பிரேக் லூசா இருக்குடா, வர்ற வழியில பார்த்துட்டு வந்துடறேன் என்று கட்டிலோரம் நின்ற நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியவரும் வக்கீல்தான்.

அது இல்லாமல் தம்பியால் கட்டிலை விட்டு இறங்க முடியாது.