மூன்று ஊர்ச் சாட்சி

மூன்றாவது பத்திரிகையும் ஈரத் தரையைத்தான் குற்றம் சொன்னது.

டாக்டர் இராயப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பெரிபெரி நோய் சோற்றால் வருவதல்ல. ஈரம் ஊறிய தரையிலிருந்து கிளம்பும் கிருமியால் வருவது. முதல் பத்திரிகை ஹாங்காங்கிலிருந்து வந்தது. அடுத்தது கொழும்பு. இது ரங்கூன்.

பினாங்கு மார்க்கெட் தெருவில் மாடிமேல் இருந்த அந்த வாசகசாலைக்குச் சந்தா கிடையாது. கப்பலில் வரும் வைத்தியப் பத்திரிகைகளை யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். அது இல்லாவிட்டால் புழுங்கலரிசி விஷயமே அவருக்குத் தெரிந்திருக்காது.

தீட்டிய வெள்ளைப் பச்சரிசி தின்பவர்களுக்குத்தான் கால் வீங்கி மரத்துப்போகிறது, புழுங்கலரிசி தின்பவர்களுக்கு அது வருவதில்லை என்று யாரோ எழுதியிருந்ததைப் போன மாதம் இதே மேசையில்தான் படித்தார். படித்த கையோடு, தம் சின்ன ஆஸ்பத்திரியில் கிடந்த சீன ரிக்‌ஷாக்காரர்கள் எல்லோருக்கும் புழுங்கலரிசிச் சோறு போடச் சொன்னார்.

அவர்களுக்கு அந்த வாடை பிடிக்கவில்லை. பாதியைக் கொட்டினார்கள். சிலருக்கு வீக்கம் வடிந்தது.

நேற்றுச் சாயங்காலம் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனான்.

அவனுடைய அண்ணன் அழவில்லை. என் தம்பிக்கு ஏன் நல்ல அரிசி போடவில்லை என்று அரைகுறை மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

அந்தக் கேள்வியோடுதான் காலையில் இங்கே வந்திருந்தார். இன்னும் ஒன்பது பேர் அங்கே படுத்திருக்கிறார்கள். மத்தியானத்துக்கு எந்த அரிசியை உலையில் போடுவது?

ஒரு பத்திரிகை அரிசி என்றது. ஒன்று கெட்ட மீன் என்றது. இன்னொன்று மழைக்காற்று என்றது. படிக்கப் படிக்கத் தலை கிறுகிறுத்தது. ஒன்றுமே படிக்கக் கிடைக்காத காலத்தில்கூட அவர் இவ்வளவு குழம்பியதில்லை.

ஆனால் ஈரத் தரை என்று சொல்வது மூன்று ஊர். மூன்று டாக்டர்கள். ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். மூவரும் ஒரே வாயாகச் சொல்லும்போது, தாம் மட்டும் அரிசியைப் பிடித்துத் தொங்குவது என்ன நியாயம்?

தப்பு நம்முடையதுதான் என்று முடிவு கட்டினார். அவர்கள் கேட்கிற வெள்ளைச் சோற்றையே போட்டுவிடலாம். பலகைத் தரை போட்ட வீடாக ஒன்று பார்த்து, இன்றைக்கே ஆட்களை மாற்றிவிட வேண்டும்.

எழுந்தவர், மற்ற இரண்டைப் போலவே முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்த ரங்கூன் பத்திரிகையை மூடுமுன் கடைசிப் பக்கத்தில் கண்ணை ஓட்டினார்.

ஈரத் தரையிலிருந்து மாற்றப்பட்ட எழுபது பேரும் பிழைத்தார்கள். அவர்களில் ஒரு சீனர், குணமான பின், தைப்பூசத்தன்று பால்குடம் சுமந்து கோயிலுக்கு நடந்தே போனார்.

இராயப்பன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சீனனை அவருக்குத் தெரியும். தண்ணீர்மலைக் கோயில்வரை அவன் கூடவே நடந்தவர் அவர்.

கொழும்புப் பத்திரிகையைப் புரட்டினார். அதில் எழுபது இல்லை, பதினேழு. அதுவும் ஹாங்காங் பத்திரிகையைப் பார்த்து எழுதியது. ஹாங்காங் பத்திரிகையின் கடைசி வரியில், 'பினாங்கு வைத்தியர் ஒருவர் கண்டபடி' என்று இருந்தது. பெயர் இல்லை.

வாசகசாலையைக் கவனித்துவந்த முகம்மது கனி, டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்தார். திறந்திருந்த பக்கத்தை எட்டிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, இது நீங்க எழுதினதுதானே டாக்டர்! நாலு வருஷம் முந்தி நம்ம வாசகசாலை இங்கிலீஷ் மலர்ல போட்டோமே, எல்லா ஊருக்கும் இனாமா அனுப்பினேன்லா. எங்கெல்லாம் போய்ச் சேந்திருக்கு பாருங்க!"

கனி கெஞ்சியதற்காக அரைப் பக்கம் கிறுக்கிக் கொடுத்தது. எழுதியதையே இராயப்பன் மறந்துவிட்டிருந்தார். ஏழு பேரைப் பற்றித்தான் எழுதினார். ஈரத் தரை காரணமாய் 'இருக்கலாம்' என்று ஒரு சொல்லும் போட்டிருந்தார். கடல் கடந்து போனதில் ஏழு எழுபதாகியிருந்தது. அந்தச் சொல்லைக் காணோம்.

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மூன்று சாட்சிகளும் அவரேதான்.

ஆனாலும் அந்த ஏழு பேர் பிழைத்தது பொய்யில்லையே? அந்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குள் வெள்ளம் புகுந்தபோது, அவர்களைத் தம் வீட்டு மாடிக்கே கொண்டுபோனார். நல்ல பலகைத் தரை. எண்ணி இரண்டு மாதத்தில் எழுந்து நடந்தார்கள். தரையைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், வெயில் வரும் ஜன்னலைப் பார்த்தார். எல்லாவற்றையும் எழுதினார்.

சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதவில்லை. அதில் எழுத என்ன இருந்தது? வீட்டார் சாப்பிட்டதையேதான் அவர்களும் சாப்பிட்டார்கள்.

அவர் மனைவி சவுந்தரம், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, புழுங்கலரிசியைத் தவிர வேறெதையும் சோறாக்கியதே இல்லை.